உடைமையும் காவலும்

ஒரு பொருளுக்கு உரியவன் யார்? அதனைப் பெற்றவனா, அன்றி அதனைப் பேணத் தெரிந்தவனா? நிலத்தையும் பொன்னையும் முன்வைத்து நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்த இவ்வினா, இக்காலத்தில் எழுத்தையும் படத்தையும் முன்வைத்துக் கேட்கப்படுகின்றது. வீட்டு மூலையில் ஒரு சிறு கணினியை வழங்கியாக அமைத்து நடத்தக் கற்றுக்கொள்ளும் புதியவன் ஒருவனுடைய முயற்சி, பார்வைக்குப் பொழுதுபோக்கு. உள்ளே அறவினா ஒன்று அடங்கியிருக்கின்றது.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கோயில் நின்ற மண்ணும் பெரும்பாலும் தோட்டத்தின் மண்ணே. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியதால் தோட்டந்தோறும் எழுந்த தமிழ்ப்பள்ளியும் நிருவாகத்தின் கொட்டகையில் நடந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடமும் ஒரு கையெழுத்தால் அயலாகிவிடும் என்பதை, 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் கண்டனர். அக்கொடுமைக்கு மாற்றாகவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாயினர். வாங்குவது ஒன்று, நடத்துவது வேறொன்று. வாங்கிய பிறகு கணக்கும் உரமும் மறுநடவும் கற்றாக வேண்டியிருந்தது. உடைமை வந்த அன்றே கல்வியும் கடமையாக வந்து சேர்ந்தது.

தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஈப்போ புந்தோங்கிலும் பிற ஊர்களிலும் குடியேறிய குடும்பங்களிடம் எஞ்சியவை பள்ளி ஆண்டுமலர், திருவிழா அறிக்கை, பெரட்டுக் களத்தில் எடுத்த படம், பழைய கடிதங்கள் ஆகியனவே. பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்து இளையவர் இவற்றைக் கணினியில் ஏற்றுகின்றனர். ஏற்றியவற்றை எங்கே வைப்பது? இலவசமாக இடந்தரும் பெருநிறுவனங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆனால், இலவச இடம் லயன் வீடு போன்றது. குடியிருக்கலாம், உரிமை பேச இயலாது. யாகூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் பக்கங்களை 2009இல் மூடியது. அதன் குழுமங்களில் பல்லாண்டுகள் சேர்ந்திருந்த மடல்களை 2019 இறுதியில் அகற்றத் தொடங்கியது. தமிழன்பர்கள் எழுதிக் குவித்த பக்கங்களும் அவற்றில் இருந்தன. முன்னறிவிப்பு வந்ததென்னவோ உண்மைதான். தோட்டத்திலும் முன்னறிவிப்புத் தந்துதான் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

ஆதலின் சிலர் தாமே ஒரு வழங்கியை நடத்த முற்படுகின்றனர். வழங்கி என்பது மாயப் பொருளன்று. கேட்போர்க்குக் கோப்பை எடுத்துக் கொடுக்க எந்நேரமும் விழித்திருக்கும் கணினியே அது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய முதல் வலை வழங்கியும் ஒரு மேசைக் கணினிதான். யாரும் மின்விசையை நிறுத்திவிடாதபடி அதன்மேல் சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு எழுதி ஒட்டப்பட்டிருந்தது. இன்று கைவிடப்பட்ட பழைய கணினியோ, 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுப் பலகையோ இதற்குப் போதும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம் விலையின்றியே கிடைக்கின்றது.

கருவி எளிது, பழக்கம் அரிது. பால்மரம் வெட்டக் கற்போன் உளியை மேலாக ஓட்டினால் பால் சுரவாது. ஆழ ஓட்டினால் மரம் காயப்பட்டு, ஆறிய பட்டை முடிச்சு முடிச்சாக எழும்; அவ்விடத்தில் மறுபடி வெட்டுவது கடினம். எவ்வளவு ஆழம் என்பதை வாயால் சொல்லிவிட முடியாது. வழங்கியும் அத்தகையதே. நேற்றுத் திறந்த பக்கம் இன்று திறவாது. புதியவன் முதலில் அஞ்சுவான், பின் சினப்பான். பின் கண்ட கண்ட இடத்திலெல்லாம் மாற்றம் செய்வான். ஐந்தை ஒருங்கே மாற்றிய பிறகு சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று அவன் அறியான். அது கல்வியாகாது, குருட்டு வாய்ப்பே.

முறையறிந்தவன் அருகிலிருந்து தொடங்குவான். கணினிக்கு மின்விசை வருகின்றதா? வீட்டிலுள்ள மற்றொரு கருவியிலிருந்து அதனை அடைய முடிகின்றதா? முடியுமாயின் பழுது வழங்கியில் இல்லை, வெளியே செல்லும் வழியில் உள்ளது. வீட்டு இணைப்புக்குத் தரப்படும் இணைய முகவரி பெரும்பாலும் நிலையானதன்று. ரூட்டர் அணைந்து எழுந்தால் அது மாறக்கூடும். பெயரோ பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். சில இணைப்புகளில் பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன; அங்கே வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு நேர்வழியே இராது. வட்டு நிரம்பியிருக்கலாம். கோப்பைப் படிக்கும் உரிமை வழங்கிக்குத் தரப்படாதிருக்கலாம். பிற்பகல் இடிமழையில் பேராக்கின் மின்விசை ஒரு நொடி தவறினால், நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் மோடத்தையே எரித்துவிடுவதும் உண்டு. இவற்றுள் பலவற்றின் தடயத்தை வழங்கியின் நிகழ்வுப் பதிவேடு மணி, நொடி குறித்து எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் கணினியைப் பழிப்பவர்களே மிகுதி.

பதிவேட்டைப் படிக்கும் பொறுமை நுட்பமா, அறமா? இரண்டும் எனலாம். தன் ஊகத்தைவிட உண்மைக்கு மேலிடம் கொடுப்பது எந்தத் துறையிலும் எளிதன்று. பதிவேட்டின் முன் பட்டமும் பதவியும் செல்லா. தலைமையாசிரியரேயாயினும், கட்டளையில் ஒரு புள்ளி பிறழ்ந்தால் கணினி பிறழ்ந்தது என்றே சொல்லும். முதியவர் சிலர் இதனாலேயே கற்க மறுக்கின்றனர். அறுபது வயதில் தொடக்க மாணவனாக உட்காருவது கூச்சந்தரும் செயல் அன்றோ!

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அன்பிருந்தும் திறனில்லாத காவலன், அன்பில்லாத் திறவோனைவிடக் கேடானவன் என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த வீட்டுக் கருவிகளை இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைப் படையாகத் திரட்டித் தாக்கியதில் டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் பலர்க்குத் திறவாமற் போயின. ஒரு வீட்டின் அசட்டை அயலார்க்குத் தீங்காக முடிந்தது. ஆகவே, கற்கும் உரிமை என்பது கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கற்கும் உரிமையன்று. புதியவன் முதலில் வீட்டுக்குள் மட்டும் வழங்கியை நடத்தட்டும். கடவுச்சொல்லை மாற்றுதல், நிரல்களைப் புதுப்பித்தல், வேண்டாத வாயில்களை அடைத்தல் ஆகியன பழகிய பின்னரே வெளியுலகுக்குத் திறக்கட்டும்.

ஆயினும் திறவோர் காவலும் முழுக் காவலன்று. யாழ்ப்பாணப் பொதுநூலகம் பயின்ற நூலகரால் முறையாகப் பேணப்பட்டதே. 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறு படியில்லாத ஏடுகள் அவற்றோடு அழிந்தன. காவலரின் திறன் குறைவால் நேர்ந்த இழப்பன்று அது. படி ஒன்றே ஒன்றாக இருந்த ஏடுகளை எந்தத் திறனாலும் மீட்க முடியவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஆற்றும் பணியின் அருமை இங்கேதான் விளங்கும். யாரும் படியெடுத்துத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். காவல் ஒருவர் தலைமேல் மட்டும் நிற்பதில்லை.

எனவே, 'வீட்டிலா, வெளியிலா' என்னும் கேள்வியே சற்றுத் தவறாகக் கேட்கப்பட்டது. மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பது கணினியாளரிடையே வழங்கும் நடைமுறை. ஈப்போவில் வழங்கி நடத்துபவர், ஒரு வட்டைச் சுங்கை சிப்புட்டிலுள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். மூன்றாம் படி பெருநிறுவனத்திடமே இருந்தாலும் குற்றமில்லை; அது ஒன்றே படி என்றிருப்பதுதான் குற்றம். படியெடுத்ததோடு நில்லாமல், அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வட்டு வெறுமையாக இருப்பதை இழப்பு நேர்ந்த அன்றே அறிகின்றனர்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. வழங்கியை நடத்துபவர் மறைந்தால் என்செய்வது? கடவுச்சொல் அவர் நினைவில் மட்டுமே இருந்தால், இலவச இடம் மூடப்பட்டதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆகையால் அதனைத் தாளில் எழுதி, வழங்கி எங்குள்ளது, படிகள் எவரிடம் உள்ளன, மின்விசை போனால் எதை முதலில் இயக்குவது என்பனவற்றையும் தமிழிலேயே தெளிவாகக் குறித்து, வீட்டுக் கிராண்ட் இருக்கும் அலமாரியில் வைத்தல் வேண்டும். கணினி அறியாத மனைவியோ பதினான்கு வயதுப் பெயரனோ அத்தாளைப் பார்த்து ஒருமுறை தாமே இயக்கிப் பார்க்கட்டும். அவர்கள் எந்த வரியில் தயங்குகின்றனரோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.