படிக்கட்டில் என் முறை

திரும்பும் தேதி தெரிந்தே ஓர் ஊருக்குள் நுழைகிறவர் அங்கே எந்த அளவுக்கு வாழலாம்? இன்டர்ன்ஷிப்புக்காக வெளிநாடு போகிற பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. எந்தக் கோட்டு குளிர் தாங்கும், புளிக்காய்ச்சல் எத்தனை பாட்டில் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “ஆறு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வா” என்று வழியனுப்புவார்கள். எம்.எஸ். படிப்பின் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு நான் போனபோதும் வீட்டில் சொன்னது இதைத்தான். அன்போடு சொன்ன சொல். ஆனால் அதை ஏற்க முடியாது என்றே இன்று நினைக்கிறேன். அந்த ஆறு மாதமும் ஆயுளில்தானே சேர்கிறது?

ஸ்டுட்கார்ட் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிற ஊர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சரிவு வரைக்கும் திராட்சைத் தோட்டம் இறங்கி வந்திருக்கும். பள்ளத்திலிருந்து மேட்டுத் தெருக்களுக்கு ஏற நானூறுக்கு மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் உண்டு. மெர்சிடிஸ், போர்ஷே, பாஷ் எல்லாம் வளர்ந்த ஊர் என்பதால் பொறியியல் படிக்கிறவர்கள் பயிற்சிக்கு வந்துகொண்டே இருப்பார்கள். அலுவலகத்தில் தரும் அடையாள அட்டையிலேயே அது செல்லாமல் போகும் நாள் அச்சாகியிருக்கும். வேலையும் அதற்கேற்ற வேலைதான். இன்னொருவர் தொடங்கியதை எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்துத் தாள் இல்லாமல் பதிவு நடக்காது. பதிவு நடக்காமல் வருமான வரி எண் தபாலில் வராது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது. தபால்பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் வந்து சேரும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். பதிந்த கொஞ்ச நாளில் பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. இப்படி அரசாங்கம் என்னைச் சீக்கிரமே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த அமைதியான தெருவில், நான் அங்கே இருக்கிறேன் என்பது யாருக்கும் பொருட்டாக இருந்ததாகத் தோன்றவில்லை. அம்மாவோடு போனில் நீண்ட நேரம் பேசி வைத்த பிறகு அது இன்னும் உறைக்கும்.

நான் தங்கிய கட்டடத்தில் ஒரு சின்னப் பலகை கதவுக்குக் கதவு மாறிக்கொண்டே இருந்தது. எந்த வீட்டுக் கதவில் அது தொங்குகிறதோ அந்த வீட்டுக்கு அந்த வாரம் துப்புரவு முறை. அந்தப் பக்கத்து சுவாபிய மக்களின் பழைய வழக்கம் இது, கேர்வோஹே என்பார்கள். 1492-இல் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போட்ட துப்புரவு ஆணையில் இதன் வேர் இருக்கிறது. இன்று பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்திலும் வீட்டு விதிகளிலும் எழுதியிருப்பார்கள். சின்ன முறை என்றால் உங்கள் மாடிக்குரிய படிகள். பெரிய முறை என்றால் நிலவறையும் முற்றமும் வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதையும் சேரும். பனி கொட்டினால் ஆட்கள் வேலைக்கு நடக்கத் தொடங்கும் முன்பே அதை வழித்துத் தள்ள வேண்டும்.

எனக்கு அறையைக் கொடுத்தவர், கொஞ்ச நாள் இருக்கப்போகிற பெண்ணுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று விலக்குக் கேட்டார். கீழ்வீட்டு மூதாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. “கொஞ்ச நாள் இருக்கிறவரும் இதே படியில்தானே ஏறுகிறார்?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் உலரப் பெருக்கி, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மேல்படியிலிருந்து கீழே வர வேண்டும். கைப்பிடியையும் ஜன்னல் விளிம்பையும் மறக்கக் கூடாது. நான் துடைத்து முடித்ததும் அவர் பாராட்டவில்லை. பலகையை அடுத்த கதவில் மாட்டச் சொன்னார். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள்.

மேல்மாடியில் ஒரு கிரேக்கப் பெரியவர் இருந்தார். இளைஞராகக் கார்த் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் கிரேக்கத்தோடும், 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது. விருந்தினர் தொழிலாளர் என்று அவர்களுக்குப் பெயர். வந்தவர்களும் அழைத்தவர்களும் ஓரிரு ஆண்டுதான் என்றே நினைத்தார்கள். 1973-இல் ஆள் எடுப்பதை நிறுத்தியபோதோ, லட்சக்கணக்கானோர் அங்கேயே வேர்விட்டிருந்தார்கள். “அடுத்த வருஷம் போய்விடுவோம் என்று நல்ல அலமாரி கூட வாங்காமல் இருந்தோம். பிள்ளைகள் பெட்டியிலிருந்து சட்டை எடுத்துப் போட்டே வளர்ந்தார்கள்” என்றார் பெரியவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம், பணத்தைப் பற்றியது அல்ல. மறுநாள் நான் ஒரு நல்ல குக்கர் வாங்கினேன்.

கறிவேப்பிலைக்காக நான் போகும் ஈழத் தமிழர் கடை ஒன்று உண்டு. “எவ்வளவு காலம் இருப்பீங்கள், தங்கச்சி?” என்று கடைக்கார அக்கா கேட்டார். சொன்னேன். இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம் அவருடையது. திரும்பும் தேதி என்று ஒன்று அவருக்கு ஒருபோதும் கையில் இருந்ததில்லை. தேதியோடு வந்த நான் அவர் முன்னால் தனிமையைப் பற்றிப் பேசத் தயங்கினேன். “கோயில் திருவிழாவுக்குப் பாத்திரம் கழுவ ஆள் வேணும், வாறீங்களோ?” என்று அவராகவே கேட்டார். என் மனநிலைக்கு வேறெந்த ஆறுதலும் அவ்வளவு உதவியிருக்காது.

கேர்வோஹேவை அங்குள்ள இளைஞர்கள் பலர் விரும்புவதில்லை. பக்கத்து வீட்டார் கண்காணிப்பதற்கு அது ஒரு சாக்கு என்பார்கள். அதில் உண்மை உண்டு. மூதாட்டியின் பார்வை படிகளின் மூலை வரைக்கும் போகும். ஆனால் வந்தேறிக்கு அது வேறு பொருள் தருகிறது. சலுகை காட்டுகிறவர்கள் நம்மை விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள். நம் பங்குக்கு ஒரு வேலையைத் தருகிறவர்கள் தங்களில் ஒருவராக எண்ணுகிறார்கள். ஓர் ஊரில் நிலைகொள்வது என்பது அங்கே நமக்கு எல்லாம் பழகிப்போவதல்ல. நாம் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலை அங்கே இருக்க வேண்டும்.

நம் கிராமங்களுக்கு இது புதிதல்ல. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வீட்டு வாசலில் நின்றால்தான் அந்தக் குடும்பம் ஊரில் ஒன்று. சிலரிடம் வரி வாங்க மறுப்பதே அவர்களை ஒதுக்கிவைக்கும் வழியாகவும் இங்கே இருந்திருக்கிறது. இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கொடுக்க விரும்புகிறவரிடம் வாங்க மறுப்பதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை.

வெளிநாடு போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: போன முதல் வாரமே, இந்த வீட்டில் என் பங்கு வேலை என்ன என்று கேளுங்கள். இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்களை அடுத்த பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடக் கூப்பிடுங்கள். வரிக்கு வீடு வீடாகப் போகும்போது அவர்கள் கதவையும் தட்டுங்கள்.