யாருடைய பெயர்

ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அதுதான் இருக்கிறது. அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான்தான் என்று போய் நின்றேன்.

மறுநாள் சாம்பேசி ஆற்றின் அருவி. ஏப்ரல், வெள்ளக் காலம். 1,708 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் விழுகிறது என்று படித்திருந்தேன்; கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. வெள்ளைப் புகை, காதில் இடி, கீழிருந்து மேலே பெய்யும் மழை. வாடகை மழைக்கோட்டுக்குள் தொப்பலாக நனைந்து, பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்தேன்.

1855 நவம்பரில் கொலோலோ படகோட்டிகள் அழைத்துவர டேவிட் லிவிங்ஸ்டன் இதைப் பார்த்தார். தன் அரசியின் பெயரை வைத்தார். விக்டோரியா ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. பெண்ணுரிமைக் கோரிக்கையை எதிர்த்தவரும்கூட. பெண் பெயர்தானே என்று மகிழ மனம் வரவில்லை.

இனி மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை, என்றே சொல்வது எனத் தீர்மானித்தேன். (மோசி என்று கேட்டால் அங்கே பீர் தருவார்கள். அது வேறு கதை.) ஆனால் அது கொலோலோக்களின் மொழி. அவர்களும் அதே நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்து இந்தப் பகுதியை வென்றவர்கள். முன்பிருந்தே வாழும் டோங்கா மக்களுக்கு இது ஷுங்கு நமுடிடிமா.

மணமுறிவுக்குப் பின் கணவரின் முதலெழுத்தை நீக்கி அப்பாவின் எழுத்துக்குத் திரும்பியதை, ‘என் பெயரை மீட்டேன்’ என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

அப்படியானால் பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாமா? இதே ஆற்றின் கீழ்ப்போக்கில், 1950களின் இறுதியில் கரிபா அணைக்காகச் சுமார் 57,000 டோங்கா மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுடையது தாய்வழிச் சமூகம். ஆற்றங்கரை வண்டலில் பெண்களுக்குச் சொந்த வயல்கள் இருந்தன. குடியேற்றிய இடத்திலோ, காடு திருத்திய ஆண்களுடையதாக நிலம் ஆனது. மானிடவியலாளர் எலிசபெத் கோல்சன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இது யாருடைய வயல் என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்பது அந்தப் பெண்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. அவர்களிடம் போய்ப் பெயர் வெறும் ஒலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த ஆண்டு கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.