ஐந்து பவுண்டுச் சூது

பிரிட்டனில் பப் எனப்படும் மதுவிடுதிகளில், கூட்டம் குறைந்த வாரநாள் இரவுகளில் போக்கர் போட்டி நடப்பதுண்டு. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் அதையொட்டி வந்த விதிகளும் இதை அனுமதிக்கின்றன. கூடவே கடிவாளமும் போடுகின்றன. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் ஐந்து பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு நாளில் அந்த விடுதியில் போக்கருக்காக வைக்கப்படும் மொத்தப் பணம் நூறு பவுண்டைத் தாண்டக் கூடாது. பரிசும் நூறு பவுண்டுக்குள்தான். ஆடுவதற்குக் கட்டணம் வாங்கவும், பந்தயப் பணத்திலோ பரிசிலோ ஒரு பென்னியைக்கூட எடுக்கவும் விடுதிக்காரருக்கு உரிமையில்லை. கணக்குப் போட்டால், ஆளுக்கு ஐந்து பவுண்டு வீதம் இருபது பேர். அதோடு சரி.

பெரும்பாலும் ஆடப்படுவது டெக்ஸஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். தொடக்கத்தில் எல்லோரிடமும் ஒரே அளவு சிப், அதாவது பந்தய வில்லைகள். கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். சிப் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருவர் மிஞ்சுவார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆடும் இப்படியொரு போட்டியில் போய் உட்காருவது தவறா?

அற்பத் தொகைக்கு எதற்கு அறவிசாரம் என்று கேட்டு ஒதுக்கிவிடலாம். ஆனால் தொகை குறைந்தால் சேதம்தான் குறையும். செயலின் குணம் மாறாது. ஐந்து பவுண்டைத் திருடினாலும் திருட்டுதானே. சூது என்ற பெயர் விழுந்ததுமே பாவம் என்று தீர்ப்பெழுதிவிடுவதும் அதே அளவு அவசரம்.

வள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமையையும் சூதையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்திருக்கிறார். (பப் போக்கரில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடுகின்றன. பந்தயத்தில் கைவைக்க முடியாத விடுதிக்காரர் பீர் விற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.) தோற்றால் கெட்டுப்போவாய் என்று எச்சரிக்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. வள்ளுவரோ வென்றாலும் சூது வேண்டாம் என்றுதான் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். வெற்றி அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும், ஒன்று பெற்றவன் நூறு இழப்பான் என்பது அவர் காட்டும் காரணம். ஒரே ஓர் ஆட்டத்தோடு முடிகிற சூதை அவர் பேசவில்லை; ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும் தொடரைத்தான் பேசுகிறார்.

போட்டியாக ஆடும் போக்கருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தொடரை அது விதியாலேயே வெட்டிவிடுகிறது. பணத்துக்கு நேராக ஆடும் மேசையில் ஒவ்வொரு சிப்பும் காசு. தீர்ந்தால் சட்டைப்பைக்குள் கை போகும், பை தீர்ந்தால் ஏடிஎம். போட்டியில் கையிலிருக்கும் பத்தாயிரம் சிப் வெறும் வில்லைகள்தான், நடுவில் எழுந்து காசாக்க முடியாது. எவ்வளவு இழக்கலாம் என்பது உட்காருவதற்கு முன்பே தெரியும். ஆனால் வீடுகளிலும் வேறு இடங்களிலும் நடக்கும் பல போட்டிகளில் ‘ரீ-பை’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம். பரிசுத்தொகை பெருகும் என்பதால் நடத்துகிறவர்களுக்கும் நன்றாக ஆடுகிறவர்களுக்கும் இது பிடிக்கும். இருபது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர் எண்பது கட்டிவிட்டு எழுந்திருப்பார், அதுவும் தோற்ற சூட்டில் எடுத்த முடிவாக. ரீ-பை உள்ள போட்டி, போட்டிக்கு இருந்த ஒரே சிறப்பை விற்றுவிட்டது.

இனி வழக்கமான வாதத்துக்கு வரலாம்: போக்கர் அதிர்ஷ்ட ஆட்டமா, திறமை ஆட்டமா? நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக இதிலேயே உழல்கின்றன. லண்டனில் கட்ஷாட் என்ற போக்கர் மன்றத்தின் வழக்கில், 1968ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி, போக்கர் அதிர்ஷ்டம் கலந்த ஆட்டமே என்று 2007இல் நடுவர் குழு முடிவு செய்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டுத் தடைசெய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லிப் பட்டியலை நீக்கியது. 2025இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவது எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, கூடாது என்றுவிட்டது.

சட்டத்துக்கு இந்தப் பிரிவினை தேவைப்பட்டிருக்கலாம். அறத்துக்கு இது தலைகீழாக நிற்கிறது. முழுக்க அதிர்ஷ்டம் என்றால் இருபது பேரும் சமம். ஒருவர் பணத்தை மற்றவர் பறித்தார் என்று சொல்லவே இடமில்லை. திறமை என்று ஒத்துக்கொண்ட நிமிடமே, தெரிந்தவர் தெரியாதவரிடமிருந்து எடுக்கிறார் என்பதையும் ஒத்துக்கொண்டாயிற்று. ஓர் இரவை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் கை ஓங்கியிருக்கும். இரண்டு ஏஸ் கையில் வந்தாலும், எதிரில் ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவரிடம் நூற்றுக்குப் பதினைந்து தடவை தோற்கத்தான் வேண்டும். அதனால்தான் நேற்றுக் கற்றவரும் இன்று ஜெயிக்கிறார், அடுத்த வாரமும் வருகிறார். ஆனால் வருடம் முழுக்கக் கணக்கெடுத்தால் பரிசு சுற்றிச்சுற்றி அதே நாலைந்து பேரிடம்தான் போயிருக்கும். அவர்களுக்கும் அது தெரியும்.

தோற்றவர் ஏமாந்துவிடவில்லை, மூன்று மணி நேரப் பொழுதை வாங்கியிருக்கிறார் என்று சொல்லலாம். லண்டனில் ஒரு கோப்பை பீருக்கே ஐந்து பவுண்டுக்கு மேல் ஆகிறது. சினிமாவுக்கு இன்னும் கூடுதல். சிரிப்பு, பேச்சு, ஊர்வம்பு, நடுவில் ஒரு நல்ல கை. இந்த வாதம் பெரும்பாலானவர்கள் விஷயத்தில் உண்மை, ஒரு நிபந்தனையோடு: வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவரிடம் “இங்கே நாலு பேர் நன்றாக ஆடுவார்கள், முதல் சில மாதம் தோற்கத்தான் செய்வீர்கள்” என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் அந்த நாலு பேரில் ஒருவர்.

ஆட்டத்தில் பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே வழி கிடைக்கிறது. போக்கரில் ‘பிளஃப்’ உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் எல்லாம் இருப்பதுபோல் பந்தயம் கட்டுவது. 2003 உலகத் தொடர் போக்கரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர், இறுதியில் சாம் ஃபார்ஹாவுக்கு எதிராக வெறும் ராஜா ஒன்றை வைத்துக்கொண்டு தன் சிப் முழுவதையும் தள்ளினார். ஃபார்ஹாவிடம் ஒன்பதாம் எண் சீட்டு ஒரு ஜோடி இருந்தது. யோசித்தார், சீட்டை விட்டுவிட்டார். கடைசியில் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை, ஃபார்ஹா உட்பட. பந்தயம் உண்மையைச் சொல்லும் என்று அந்த மேசையில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லையே.

இதையே பப்பில் வைத்துப் பாருங்கள். பத்து வருடமாக ஆடுகிறவர் புது ஊரில் வந்து உட்கார்ந்து “ஃபிளஷ் பெரிதா, ஸ்ட்ரெயிட் பெரிதா?” என்று போக்கரின் அரிச்சுவடியையே அப்பாவியாகக் கேட்கிறார். இது பிளஃப் ஆகாது. ஆட்டத்துக்குள் பேசும் பொய்க்கு எல்லோரும் முன்கூட்டியே சம்மதித்திருக்கிறார்கள். இவர் பொய் அந்தச் சம்மதத்தையே கள்ளத்தனமாக வாங்குகிறது. கையில் இருப்பதை மறைக்கலாம். தான் யார் என்பதை மறைத்தால் மோசடி. பரிசு நூறு பவுண்டுதானே என்பதால் இது லேசாகிவிடாது. அந்தத் தொகைக்கே ஒருவர் இப்படி நடிக்கிறார் என்பது அவரைப் பற்றி மோசமாகத்தான் சொல்கிறது.

ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் பேராசையால் நடக்கும் தவறுகளைவிடப் பிரியத்தால் நடக்கும் தவறுகளே அதிகம் இருக்கும். ஒரு நிலவரம்: நான்கு பேர் மிச்சம். பரிசு மூன்று பேருக்கு, ஐம்பது, முப்பது, இருபது பவுண்டு. முதலாமவரிடம் சிப் குவிந்திருக்கிறது. இரண்டாமவர் அவருடைய நண்பர். அவரிடம் இன்னும் இரண்டு கைக்குத்தான் சிப். மூன்றாமவர் ஓரளவு வைத்திருக்கிறார். நான்காமவர் வெளியூர், அவர் நிலையும் இறுக்கம்தான். ஆனாலும் அந்த நண்பர் தனக்கு முன்னால் போய்விடுவார் என்று கணக்குப் போட்டு, பொறுமையாக ஒவ்வொரு கையையும் விட்டுக்கொண்டிருக்கிறார். முதலாமவருக்கு இரண்டு ராஜா வருகிறது. பந்தயம் கட்டினால் நண்பர் அநேகமாக வெளியே. அவருக்கு மனசு வரவில்லை. சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுகிறார். நண்பர் பிழைக்கிறார். சற்று நேரத்தில் கட்டாயப் பந்தயம் ஏறி வெளியூர்க்காரரை விழுங்கிவிடுகிறது.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. விட்டுக்கொடுத்தவர் தன் பணத்தைத்தான் விட்டுக்கொடுத்ததாக நினைப்பார், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அந்த இருபது பவுண்டு வெளியூர்க்காரருடைய இருபது பவுண்டு. பணத்துக்கு நேராக ஆடும் மேசையில் நண்பனிடம் இளகினால் பெரும்பாலும் நஷ்டம் இளகியவருக்கே. போட்டியில் ஒருவர் பிழைப்பது மற்ற எல்லோரையும் பாதிக்கும். 2001இல் தொடங்கப்பட்ட போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிகள் இப்படி இளகி ஆடுவதையும் வேண்டுமென்றே சிப்பைக் கைமாற்றுவதையும் தண்டனைக்குரியவை என்கின்றன. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் ஆடும் பப்புக்கு அந்த விதி எட்டுவது கடினம். கையும் களவுமாகப் பிடிக்க இதில் எதுவுமில்லை. மிஞ்சிய நால்வரும் வெளிப்படையாகப் பேசிப் பரிசைப் பங்கிட்டுக்கொண்டால் அது வேறு. அங்கே விட்டுக்கொடுக்கிறவர் தன்னுடையதைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

அவரவர் தமக்காகவே ஆட வேண்டும் என்ற நியதி பழையது. மகாபாரதத்தில் துரியோதனன் பந்தயப் பொருளை வைக்க, சகுனி காயை உருட்டுகிறான். ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமன் அந்தச் சபையிலேயே சொல்கிறான். சொல்லிவிட்டு உட்காரவும் செய்கிறான். நாட்டையும் தம்பியரையும் திரௌபதியையும் வைத்தது பின்னால் வந்த குற்றம். மேசை கோணல் என்று கண்ட பிறகும் எழுந்து போகாதது அதற்கு முந்தியது. கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்ற க்ஷத்திரிய வீம்பு அவனை இருத்தியது. பப்பில் அப்படி எந்தத் தர்மமும் யாரையும் கட்டிப்போடவில்லை.

கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. இருபது பேரில் ஒருவருக்குச் சூது நோயாக இருந்தால்? இங்கே ஐந்து பவுண்டோடு நிற்பவர், வீட்டுக்குப் போய் போனில் ஐந்நூறு வைக்கலாம். பிரிட்டனில் இணையச் சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ள கேம்ஸ்டாப் என்ற ஏற்பாடு இருக்கிறது; உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் 2020 முதல் அதில் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். பப் மேசைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அந்த மனிதரின் நிலை தெரிந்தவர்கள் அவரோடு ஆடும் பத்தொன்பது பேர்தான். வளர்ந்த மனிதரை உட்காராதே என்று சொல்ல அவர்கள் யார் என்பது நியாயமான கேள்வி. அதற்காக, தெரிந்துகொண்டே அவருடைய ஐந்து பவுண்டைப் பரிசில் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை வந்துவிடாது. தனியாக அழைத்துப் பேசலாம். பணமே இல்லாமல் புள்ளிகளுக்கு மட்டும் ஆடும் பப் லீக்குகளும் அந்த நாட்டில் உண்டு. அவருக்காகச் சில வாரம் அப்படி ஆடிப் பார்க்கலாம். மூன்று மணி நேரப் பொழுதுக்காகத்தான் வருகிறோம் என்று சொன்னவர்கள் அந்த வாரங்களிலும் வருவார்கள். பாதிப் பேர் வராமல் போனால், அந்த ஐந்து பவுண்டு பொழுதின் விலை என்ற வாதத்தை அவர்கள் இனிமேல் சொல்ல முடியாது.