அபயம் கேட்ட மீன்

கண்ணாடித் தொட்டியில் சிற்றுயிர்களை வளர்ப்பது அவற்றைக் காப்பதா, கட்டிவைப்பதா என்ற கேள்வி இக்காலத்துப் பொழுதுபோக்கிலிருந்து பிறந்த புதுக் கேள்வியென்று தோன்றக்கூடும். ஆனால் ஊழிப் பெருவெள்ளத்தைக் குறித்து நம் நாட்டில் வழங்கிவரும் மிகப் பழைய கதையே, ஒரு மனிதன் ஒரு சிறு மீனைப் பாத்திரத்தில் இட்டு வளர்த்த கதைதான். சதபத பிராமணத்தில், காலையில் கைகழுவ நீர் கொண்டுவந்தபோது மனுவின் கையில் மீன்குஞ்சு ஒன்று அகப்படுகிறது. தன்னை வளர்த்தால் வரப்போகும் வெள்ளத்திலிருந்து அவனைக் காப்பதாக அது வாக்களிக்கிறது. எப்படி வளர்ப்பது என்று அவன் வினவ, சிறியதாக இருக்கும் வரையில் தன் இனத்துக்கு ஆபத்து மிகுதியென்றும், மீனை மீனே விழுங்குகிறதென்றும், ஆகையால் முதலில் ஒரு குடத்திலும், குடம் போதாதபோது ஒரு குழியிலும், அதுவும் போதாதபோது கடலிலும் தன்னை விடவேண்டுமென்றும் அது விடை சொல்லுகிறது. பிற்காலத்தில் இதே கதையைச் சொல்லும் பாகவதம், மனுவின் இடத்தில் திராவிட நாட்டு அரசனாகிய சத்தியவிரதனை நிறுத்தி, நிகழ்ச்சியைக் கிருதமாலை ஆற்றங்கரையில் அமைக்கிறது. அந்த ஆறு மதுரை நகரினூடே செல்லும் கிருதுமால்தான் என்பது நம்மவர் கொள்கை. அது இன்று பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து செல்லும் கால்வாயாகிவிட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

பாகவதம் கதையில் சேர்த்திருக்கும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அர்க்கியத்துக்காக அள்ளிய நீரில் மீன் வந்ததும் அரசன் அதை ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். இன்றைக்கும் நம்மில் பலர் கருணை என்று எண்ணுவது அதைத்தான். மீனோ, தன் சுற்றத்தையே கொன்று தின்னும் ஜலஜந்துக்களிடம் அஞ்சிக்கிடக்கும் தன்னை எறிந்துவிடலாகுமா என்று முறையிடுகிறது. அது விடுதலையை வேண்டவில்லை, அபயத்தை வேண்டுகிறது. வலியது மெலியதை விழுங்கும் நிலைக்கு அர்த்தசாஸ்திரம் முதலிய நூல்கள் மச்ச நியாயம் என்று பெயரிட்டு, அரசனும் தண்டமும் இல்லாத நாட்டின் இலட்சணம் அதுவே என்று கூறுகின்றன. அந்த நியாயம் செல்லுபடியாகாத ஓர் இடம் உலகில் உண்டென்றால், அது தன்னை நம்பிவந்த உயிருக்காக ஒருவன் ஏந்தி நிற்கும் பாத்திரமாகத்தான் இருக்கவேண்டும். அந்தப் பாத்திரமும் உயிரின் அளவுக்கு வளர்ந்துகொண்டே போகவேண்டியிருக்கிறது. கமண்டலம் போதாமல் குடமும், குடம் போதாமல் குளமும், குளம் போதாமல் ஏரியும் தேடி அலைந்த அரசன், எந்த நிலையிலும் மீனைப் பாத்திரத்துக்கு ஏற்பச் சுருக்க முயலவில்லை.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தொட்டிகளை நோக்குவோம். நன்னீர்த் தொட்டிகளில் இப்போது மிகுதியாக வளர்க்கப்படும் சிற்றுயிர்களில் ஒன்று செர்ரி இறால். ஓர் அங்குலத்துக்கு அதிகம் மேற்போகாத உடலும், ஓரிரண்டு ஆண்டு ஆயுளும் உடையது. சீனத்தின் கிழக்குப் பகுதியையும் தைவானையும் அவற்றை அடுத்த நாடுகளையும் தாயகமாகக் கொண்டது. அதை வளர்க்க விரும்புகிறவன் முதலில் நீரை வளர்க்கவேண்டும் என்பது இத்துறையில் பழகியவர்களின் வாக்கு. உயிர்கள் செவுள்வழியே வெளிவிடும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை அத்துணைக் கொடுமையற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் பஞ்சு வடிகட்டியிலும் குடியேறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரையில் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கப் பொறுமையில்லாதவன் இறாலைக் கொண்டுவந்து கொல்லுகிறான். தொட்டியை வைத்திருப்பவனைச் சிருஷ்டிகர்த்தாவோடு ஒப்பிட்டுப் பேசுவது எளிது. எனக்கு அந்த ஒப்புமையில் உடன்பாடில்லை. அங்கே காக்கும் தொழிலைச் செய்வது கண்ணுக்குப் புலனாகாத அந்தச் சிற்றணுக்கள். மனிதன் அவற்றுக்கு இடையூறு செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டவன், அவ்வளவே.

அவ்வாறு அமைந்த நீரில் இறால்கள் வாழும் வாழ்க்கை காண்பவர் மனத்தை உருக்க வல்லது. வளரும்தோறும் பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய ஓடு இறுகும் வரையில் பாசிக்கடியில் ஒளிந்திருக்கின்றன; கழற்றிய ஓட்டைத் தாமே கொறித்து அதிலுள்ள சத்தை மீட்டுக்கொள்கின்றன. பெண் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றின்கீழ் நீந்துகால்களிடையே சுமந்து, ஏறக்குறைய ஒரு மாதகாலம் அவற்றை ஓயாமல் விசிறி, புரட்டி, மாசு படியாமல் காக்கிறது. பொரிந்து வரும் குஞ்சுகள், கடல் இறால்களைப்போல் வேற்றுருவில் மிதந்து திரியாமல், தாயின் வடிவத்தையே சிற்றளவில் பெற்று, பிறந்த கணத்திலிருந்து பாசியை மேயத் தொடங்குகின்றன. இவற்றின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது தாமிரம், நம் இரத்தத்தில் இரும்பு சுமப்பதைப்போல. ஆயினும் நீரில் தாமிரம் சிறிது மிகுந்தாலும் இவை மடிந்துபோகின்றன. மீன்களின் ஒட்டுண்ணி நோய்களுக்கான மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. எனவே மீனும் இறாலும் கூடி வாழும் தொட்டியில் மீனுக்கு அமுதமாவது இறாலுக்கு ஆலகாலமாகிவிடும். நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் மருந்தை ஊற்றுகிறவன் ஒரு சரணாகதனைக் காக்க மற்றொரு சரணாகதனைப் பலியிடுகிறான்.

இவற்றையெல்லாம் அறிந்து கவனமாக வளர்க்கிறவனும் தப்ப முடியாத கேள்வி வர்ணத்தைப் பற்றியது. செர்ரி இறாலின் இயற்கை நிறம் சிவப்பன்று. இலைச்சருகோடு கலந்து மறையும் பழுப்பும், ஒளி ஊடுருவும் மங்கலுமே அதன் ஸ்வபாவம். எங்கோ சற்றுச் சிவந்து பிறந்ததைத் தேர்ந்து, அதன் சந்ததியில் மேலும் சிவந்ததைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளில் நாம் காணும் இரத்த நிறம் உண்டாக்கப்பட்டது. 1990-களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர், கறுப்பும் வெள்ளையுமான தேனீ இறால்களிடையே அபூர்வமாகத் தோன்றிய சிவப்பு இறால்களைப் பெருக்கிப் புகழ்பெற்றதும் இந்த வழியாலேதான். தேர்வு நின்றுவிட்டால் வர்ணம் நிலைப்பதில்லை; சில தலைமுறைகளில் கூட்டம் மெல்ல மெல்லப் பழுப்புக்குத் திரும்புகிறது. ஆகவே நாம் வியந்து நோக்கும் ஒவ்வொரு செந்நிறக் கூட்டத்துக்கும் பின்னால், வெளிறிப் பிறந்த குற்றத்துக்காகக் கழிக்கப்பட்டவை உண்டு. அவற்றுள் சில வேறு தொட்டிக்குப் போகும்; பல பெரிய மீனுக்கு இரையாகும்.

இயற்கையும் இதைத்தானே செய்கிறது என்று சொல்வாருண்டு; அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இறாலைப்போலவே தொட்டிகளில் வளர்க்கப்படும் கப்பி மீனின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாட் தீவின் ஓடைகளில் ஆராய்ந்த ஜான் எண்ட்லர், கொடிய இரைகொல்லிகள் உள்ள நீரில் ஆண் கப்பிகள் மங்கலான நிறத்தோடும், அவை குறைந்த நீரில் பகட்டான புள்ளிகளோடும் இருப்பதைக் கண்டு, 1980-ல் வெளியிட்ட ஆய்வில், இடத்தை மாற்றினால் சில தலைமுறைகளிலேயே நிறமும் மாறுகிறது என்று காட்டினார். ஓடையிலும் தேர்வு நிகழ்கிறது. பகட்டான மீனைப் பெரிய மீன் தின்கிறது. உண்மைதான். ஆனால் பெரிய மீன் பசித்துத் தின்கிறது; அது எவருக்கும் அபயம் கொடுத்ததில்லை. தொட்டி வைத்தவனோ, ஓடையின் ஆபத்து அணுகாத இடமென்று ஒரு பாத்திரத்தை அமைத்து, அதில் உயிர்களைப் பெருகச் செய்துவிட்டு, அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே தானே பெரிய மீனாகிறான். மனுவின் குடத்தில் மச்ச நியாயம் புகுந்துவிட்டது. கொலை சிறிது, இறால் சிறிது, ஆகவே பாவமும் சிறிது என்று ஆறுதல் சொல்வது இதற்கு விடையாகாது. ஏனெனில் இங்கே முறிந்தது கொல்லாமை என்ற பொது விரதம் மட்டுமன்று, குறிப்பிட்ட ஓர் உயிருக்கு அளித்த வாக்கும்கூட.

இறாலுக்கு நோவு தெரியுமா என்ற வினாவை இங்கே ஒதுக்க இயலாது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் படிகளில் வகுக்கும்போது நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர்களாக வைத்தது. பத்துக்கால் கொண்ட இறால் நண்டின் சுற்றமாதலால் அதையும் அப்படியில் வைப்பதே பொருத்தம். பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட்டும் அவர் குழுவினரும் இறாலின் ஓர் உணர்கொம்பில் அசிட்டிக் அமிலத்தைத் தடவியபோது, அது அந்தக் கொம்பையே நெடுநேரம் நீவியும் தொட்டியின் சுவரில் தேய்த்தும் நின்றது. உணர்விழக்கச் செய்யும் மருந்தை முன்னரே இட்டபோது அச்செயல் குறைந்தது. இந்த முடிவை ஏற்காத ஆராய்ச்சியாளரும் உண்டு. ஆயினும் பிரிட்டன் 2022-ல் இயற்றிய சட்டம் இறாலையும் நண்டையும் உணர்வுடைய பிராணிகளாகவே ஏற்றுக்கொண்டது. ஐயம் இருக்கும் இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதே அறம் என்று நான் நம்புகிறேன்.

சமண நெறி இன்னும் கடுமையாகப் பேசும். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தானுடைய அகிம்சை விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களை அடுக்கும்போது, அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றுக்கு முன்னதாகக் கட்டிவைத்தலையே சொல்லுகிறது. இந்த அளவுகோலால் அளந்தால் தொட்டியே ஒரு குற்றமாகும். ஆனால் செந்நிறம் ஏற்றப்பட்ட இறாலை அவிழ்த்துவிடுவதற்கு இனி இடமில்லை. அதன் சிவப்பு ஓடையில் மரணத்தை அழைக்கும் நிறம். தப்பிப் பிழைத்தாலோ, அந்நிய நீரில் பெருகி அங்குள்ள உயிர்களை நெருக்கும். ஜெர்மனியிலும் போலந்திலும் ஆலைகளின் வெந்நீர் கலக்கும் ஆறுகளில் இவ்விறால்கள் குடியேறிவிட்டன. கீழை நாட்டுப் பௌத்தர்கள் புண்ணியம் கருதி விலைக்கு வாங்கிய மீன்களை ஆற்றில் விடும் சடங்கிலும் இந்த அபாயம் இருக்கிறது. சத்தியவிரதன் இறுதியில் கடலில் விட முயன்றபோதும், மகரங்கள் தின்றுவிடும், விடாதே என்றே மீன் சொல்லிற்று.

ஆகையால் கடன் வளர்ப்பவனிடமே தங்குகிறது. ஓர் உயிரைக் கொல்லாதிருப்பதைப் பற்றி நம் ஆன்றோர் விரிவாகப் பேசினார்கள். ஓர் உயிரைப் பிறப்பிக்கிறவனுடைய கடனை மக்களைப் பெற்றோர் விஷயத்தில் மட்டுமே அத்துணை விரிவாகப் பேசினார்கள். சென்னைக் கொளத்தூரின் சுற்றுவட்டாரத்தில் வண்ணமீன் பெருக்குவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் பல. அவர்கள்மீது இந்தக் கடனை முழுவதும் சுமத்துவது நியாயமன்று, வெளிறியதை வாங்க மறுக்கும் கண் நம்முடையதாதலால். வீட்டில் வளர்க்கிறவனுக்கோ அந்தச் சாக்கு இல்லை. வெளிறியவை தம் ஆயுளைக் கழிக்க இரண்டாவது தொட்டியொன்று வைக்க முடிந்தால் வர்ணத்தைத் தேரட்டும். முடியாவிட்டால் பழுப்பைப் பழுப்பாகவே வளர்க்கட்டும். கப்பிகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்துப் பிறப்பை மட்டுப்படுத்தலாம் என்பார்கள்; அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெண் கப்பி ஒருமுறை கூடியபின் ஆணின் விந்தைப் பல மாதங்கள் தன்னுள் சேமித்துவைத்து, ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, துணையின்றியே ஈன வல்லது. ஈன்ற குஞ்சுகளைத் தானே தின்னவும் தயங்காது. கடையில் ஒரே ஒரு பெண் மீனை வாங்குகிறவனும் இன்னும் பிறவாத பல ஈற்றுகளைச் சேர்த்தே வாங்குகிறான். ஆதலால் அவை ஒதுங்கப் போதுமான பாசியும், வால் வளைந்து பிறக்கப்போவதற்கும் நிறம் ஏறாமல் பிறக்கப்போவதற்கும் இடமும், அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அவன் தேடிவைத்திருக்க வேண்டும்.