பூனைத் தீனி டப்பா போதும்!

சம்பளம் உயரட்டும், நல்ல கூடாரம் வாங்கட்டும், வெளிநாட்டு அடுப்பு ஒன்று கிடைக்கட்டும், அப்புறம் மலைக்குப் போகலாம் என்கிறாயா? நீ போகப் போவதில்லை. பொருளை விற்ற கடைக்காரர் கூடவே ஒரு பயத்தையும் உன் தலையில் கட்டிவிட்டார்: இது இல்லாமல் உன்னால் முடியாது என்று. இறக்கி வை அந்தச் சுமையை!

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைப்பாதை இருக்கிறது. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் முடியும் அது சுமார் 3,500 கிலோமீட்டர். முதுகுப்பையோடு அதில் நடந்தவர்களில் எத்தனையோ பேர் ராத்திரி நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்த அடுப்பைப் பார்த்தால் சிரிப்பாய். காலி டப்பா!

85 கிராம் பூனைத் தீனி அடைத்து வரும் ஃபேன்சி ஃபீஸ்ட் அலுமினிய டப்பா; உள்ளங்கைக்குள் அடங்கும். நெடுநடைக்காரர் ஆண்ட்ரூ ஸ்கர்கா ஊரறியச் செய்த வடிவம் இது. டப்பாவைக் கழுவு. ஆபீஸில் காகிதத்துக்கு ஓட்டை போடுகிற பஞ்ச் கருவியை எடு. விளிம்புக்குச் சற்றே கீழே சுற்றிலும் ஒரு வரிசை ஓட்டை. அதற்கும் கீழே, இரண்டு ஓட்டைக்கு நடுவே ஒன்று விழுகிற மாதிரி இன்னொரு வரிசை. அவ்வளவுதான், அடுப்பு தயார். எடை சுமார் 10 கிராம்! 100 கிராம் வாயு அடைத்த சின்ன சிலிண்டரோ, அடுப்பைச் சேர்க்காமலே 200 கிராமைத் தொடும்.

30 மில்லி மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவை. முதலில் சோம்பலாக எரியும். அவசரப்பட்டுப் பாத்திரத்தை வைத்தால் அணைந்துபோகும். அரை நிமிடம் பொறு. ஸ்பிரிட்டில் உள்ள எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். டப்பா சூடேறி ஆவி கிளம்பியதும் பாத்திரத்தை நேரே அதன் தலையில் வை. மேல்வாய் அடைபட்ட ஆவி ஓட்டைகளைத் தேடிப் பீறிடும். சுற்றிலும் தீ நாக்குகள் விரியும். பம்பு கிடையாது, வால்வு கிடையாது. டப்பா உருகிவிடாதா என்கிறாயா? அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். உள்ளே கொதிக்கிற திரவம் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

கடையில் வாங்கிய அடுப்பு மலைமேல் மக்கர் செய்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய். இதில் ஒவ்வோர் ஓட்டையும் நீ போட்டது. ஏன் எரிகிறது, ஏன் அணைகிறது என்று உனக்குத் தெரியும். அந்தத் தெளிவு எந்தக் கடையிலும் விலைக்கு வராது!

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். எடைக்கு எடை பார்த்தால் ஸ்பிரிட்டின் வெப்பம் வாயுவில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பல நாள் கடை கண்ணில் படாத வழியென்றால் வாயுதான் லாபம். காற்றுக்கு அலுமினியத் தாள் தடுப்புக் கட்டாயம். பகல் வெளிச்சத்தில் இந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. எரியும்போது மேற்கொண்டு ஊற்றுகிறவன் வீரன் இல்லை, முட்டாள். கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது.

இன்னமும் வசதி வரட்டும் என்கிறவன் எம்மா கேட்வுட்டின் கதையைக் கேட்கட்டும். ஒஹையோக்காரர், 11 பிள்ளை பெற்றவர். 1954-ல் அப்பலாச்சியன் பாதையின் மெய்ன் முனையிலிருந்து கிளம்பினார். வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார். மறு வருடம் ஜார்ஜியா முனையில் வந்து நின்றார், 67 வயதில்! கூடாரம் இல்லை, தூக்கப்பை இல்லை. டெனிம் துணியில் தானே தைத்த பை தோளில். மழைக்குக் குளியலறைத் திரை. காலில் கேன்வாஸ் ஷூ. அந்தப் பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். உன்னிடம் என்ன இல்லை என்று இன்னொரு தடவை சொல், கேட்கிறேன்!

இன்றைக்கே செய். பூனை வளர்க்கவில்லையா, அதே அளவில் எந்த அலுமினிய டப்பாவும் ஆகும். வெட்டவெளியில் சிமென்ட் தரை, கவிழ்த்து அணைக்கப் பெரிய பாத்திரம் ஒன்று பக்கத்தில். அரை லிட்டர் தண்ணீர் வை. கொதிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதிவை. கொதிக்கவில்லையா? தடுப்பை நெருக்கு, ஓட்டையைக் கூட்டு. அதுவும் சரிவரவில்லையா? குப்பைக்கூடையில் இன்னொரு டப்பா கிடக்கிறது, எடு!