சோற்றில் கலந்த மருந்து

மனச்சிதைவு நோயுற்ற மகனுக்கு, அவனறியாமல் மாத்திரையைப் பொடித்து இரசத்தில் கலந்து கொடுக்கும் தாய் அறநெறி பிறழ்கிறாளா? இக்கேள்வியைத் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்ட தாய்மார் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. எனினும் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

இந்நோயாளர் பலருக்குத் தாம் நோயுற்றிருப்பதே புலப்படுவதில்லை. இது பிடிவாதமன்று, நோயின் கூறுகளுள் ஒன்று. பிறர் கேளாத குரல்கள் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கின்றன. அண்டை வீட்டார் சதி செய்வதாக உறுதியாக நம்புகின்றனர். அப்படியிருக்க, மாத்திரை எதற்கு என்று அவர்கள் வினவுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மறுபுறம், 1952-இல் பாரிசு நகரில் குளோர்புரோமசின் இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியது முதல், மருந்துகள் பலருடைய வாழ்வை மீட்டுத் தந்துள்ளன. மகன் கண்முன்னே சிதைவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் இயலும்?

புனித அகுஸ்தினார் பொய்க்கு எதிராக எழுதிய நூலில் இதையொத்த ஒரு நிலையை ஆராய்கிறார். கடும் நோயுற்ற தந்தை, தம் மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறார். மகனோ இறந்துவிட்டான், உண்மையைச் சொன்னால் தந்தை தாங்கமாட்டார். இத்தகைய எடுத்துக்காட்டுகள் தம் நெஞ்சை அசைப்பதாக ஒப்புக்கொண்ட பின்னரும் அகுஸ்தினார் பொய்க்கு இடந்தரவில்லை. அவருடைய முடிவைக் காட்டிலும் அந்த ஒப்புதலே எனக்கு நெருக்கமாயிருக்கிறது.

நம் கேள்வியில் வேறொரு சிக்கலும் உண்டு. தம் உணவில் எவரோ எதையோ கலக்கின்றனர் என்பது இந்நோயில் அடிக்கடி தோன்றும் அச்சம். "ஒன்றும் கலக்கவில்லை, சாப்பிடப்பா" என்று தேற்றும் அதே கைதான் மருந்தைக் கலக்கிறது. கிண்ணத்தின் அடியில் வெண்பொடியை ஒருநாள் மகன் கண்டுவிட்டால், நோய் சொன்ன பொய்யை வீட்டாரே மெய்யாக்கியவர் ஆகின்றனர். அதன்பின் அவன் யார் கையால் உண்பான்? மேலும், இம்மருந்துகளால் கைநடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் அமர முடியாத தவிப்பு ஆகியவை வரக்கூடும். காரணம் அறியாதவனுக்கு இவையும் சதியாகவே தோன்றும். மருத்துவரிடம் முறையிடவும் வழியிராது. குளோசபின் போன்ற மருந்துக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

பயிற்சி பெற்ற செவிலியர் இங்கே நம் ஆசிரியர்கள். குரல் பொய் என்று அவர்கள் வாதிடுவதில்லை; தமக்கும் கேட்பதாக நடிப்பதுமில்லை. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அது உங்களை அச்சுறுத்துகிறது" என்பர். உண்மையும் பரிவும் அவ்வொரு மறுமொழியில் அருகருகே நிற்கின்றன. நோய் என்ற சொல்லை ஏற்காதவனும், உறக்கம் வரும் என்பதற்காக மருந்துக்கு இசையலாம். நாள்தோறும் மாத்திரை விழுங்க விரும்பாதோர்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தெளிவாயிருக்கும் காலத்திலேயே தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்க வழிசெய்துள்ளது. நம் குடும்பங்கள் இதை அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது. உயிருக்கு ஆபத்து நெருங்கும்போது, இசைவின்றியே மருத்துவமனையில் சேர்க்கவும் அச்சட்டம் வரையறைகளோடு இடந்தருகிறது. அது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் மறைத்துக் கொடுப்பதைவிட அதுவே மேல் என்பது என் எண்ணம். வெளிப்படையாக வற்புறுத்துவோரிடம் அவன் சினம் கொள்ளலாம், சண்டையிடலாம், பின்னாளில் அவர்களை மன்னிக்கவும் செய்யலாம்.

இப்போது கலந்து கொடுத்துக்கொண்டிருப்போர், இதைப் படித்த கையோடு நிறுத்திவிடலாகாது. மருந்து திடீரென நின்றால் நோய் மீண்டும் தலைதூக்கும். முதலில் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லட்டும். மகனிடம் யார், எப்போது, எவ்வாறு சொல்வது என்பதை அவரோடு கலந்து முடிவு செய்யலாம்.