ஓலை வாசிக்கும் முன்

தியானத்துக்கு: லூக்கா 14:28

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று கேட்கிறார் இயேசு. சீடராவதைப் பற்றி அவர் கேட்டது திருமணத்துக்கும் பொருந்தும்.

நம் வீடுகளில் கல்யாணம் என்றால் நகை, மண்டபம், பந்தி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சேர்ந்து வாழப்போகும் இருவர் ஒருவரையொருவர் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் மணநாள் வந்துவிடுகிறது. அழைப்பிதழ், உடை, விருந்து என்று அலைந்து, திருமண நாளில் மணமக்கள் களைத்துப்போய் வந்து நிற்கிறார்களே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் கவலைப்பட்டார்.

மறைமாவட்டங்கள் நடத்தும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழுக்காகவே வருகிறவர்கள் உண்டு. ஆனால் பெரியவர்கள் பேசி முடித்த திருமணங்களில், அங்கேதான் பல ஜோடிகள் முதன்முதலாக மனம்விட்டுப் பேசுகிறார்கள். உனக்குக் கடன் ஏதும் உண்டா? என் அப்பா அம்மாவுக்கும் மாதம் பணம் அனுப்பலாமா? குழந்தை பிறக்கத் தாமதமானால் ஊர்ப்பேச்சை எப்படித் தாங்குவோம்? கோபம் வந்தால் நீ எத்தனை நாள் பேசாமல் இருப்பாய்? பல வருடம் குடும்பம் நடத்திய தம்பதியர் எதிரில் உட்கார்ந்து, "இதையெல்லாம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது கூச்சம் விலகுகிறது.

கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும் முன் நடக்கும் திருமண விசாரணையில் பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்கிறார். இருவரின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, அதை வேறெவரும் அவர்களுக்காகத் தர முடியாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1057ஆம் விதி. பெற்ற தாய் தந்தையரும் தர முடியாது. வீட்டில் சொல்ல முடியாமல் விழுங்கிய ஒரு 'வேண்டாம்' அந்த அறையில் வெளியே வந்தால், பத்திரிகை அடித்தாயிற்றே என்று அதை அமுக்கிவிடாதீர்கள். அது இரண்டு பேரின் வாழ்க்கையைக் காப்பாற்றிய சொல்.

இன்று செய்ய: உங்கள் வீட்டில் நிச்சயமான பிள்ளை இருந்தால், ஜவுளிக்கடைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது அந்த இருவரும் பேசக் கொடுங்கள். பயிற்சிக்கு முழு மனத்தோடு போகச் சொல்லுங்கள்.

செபம்: ஆண்டவரே, மணமாகப் போகிறவர்களுக்கு உண்மையைக் கேட்கத் துணிவையும், கேட்டதைத் தாங்கும் அன்பையும் தாரும். ஆமென்.